டபரா டம்ளரைப் படமெடுக்க 40 செ.மீ. லைட்பாக்ஸ் போதுமா?

சமையலறைச் சாமான்களைப் படமெடுக்கத் தொடங்குகிறவர்கள் முதலில் வாங்கும் பொருள் பெரும்பாலும் மடக்கு லைட்பாக்ஸ்தான். பெட்டிமேல் ஒட்டியிருக்கும் பெயர் கடைக்குக் கடை மாறும். உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒரே சரக்கு. 40 சென்டிமீட்டர் நீள அகல உயரமாக விரியும் மெல்லிய பலகைகள், உட்புறம் வெள்ளி போல மினுங்கும் பூச்சு, மேற்கூரையில் இரண்டு எல்.இ.டி. பட்டைகள், 5 வோல்ட் யூ.எஸ்.பி. வயர், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க வயரிலேயே ஒரு பொத்தான், ஐந்தாறு நிறங்களில் பி.வி.சி. திரைகள். டபரா டம்ளர், பித்தளைச் சொம்பு, ஈயச்சொம்பு, கண்ணாடி பாட்டில், ஊறுகாய் ஜாடி, தோசைக்கல், மஞ்சள்தூள் என்று நம் வீடுகளில் புழங்குகிறவற்றை இந்தப் பெட்டிக்குள் வைத்தால் என்ன ஆகிறது என்பதுதான் இந்த மதிப்புரை.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். பளபளக்காத சின்னச் சாமான்களுக்கு இந்தப் பெட்டி நல்ல கருவி. எவர்சில்வருக்கு, பெட்டியோடு தராத இரண்டு கறுப்பு அட்டைத் துண்டுகளைச் சேர்க்காவிட்டால் படம் தேறாது. தோசைக்கல்லுக்கும் அரிவாள்மனைக்கும் இது இடமே போதாது.

விரிப்பது எளிது. காந்தப் பொத்தான்களும் வெல்க்ரோவும் பிடித்துக்கொள்வதால் இரண்டு நிமிடத்தில் பெட்டி நிற்கிறது. தவறு நடக்கும் இடம் திரையை மாட்டுவதில்தான். பின்சுவரின் மேல் ஓரத்தில் கொக்கியில் தொங்கவிட்டு, கீழே வரும்போது மடிப்பு விழாமல் வளைவாகத் தரையில் படரவிட வேண்டும். சுவரும் தரையும் சேரும் மூலையில் திரையைக் கையால் அழுத்திப் படிய வைத்தால் அங்கே ஒரு கோடு விழும். அந்தக் கோடு படத்தில் டம்ளரின் கழுத்தைச் சரியாக வெட்டிக்கொண்டு போகும். வளைவுக்குப் பத்து சென்டிமீட்டராவது விடுங்கள். திரைகள் கடையிலிருந்து மடித்தே வருவதால் முதல் நாளே மடிப்புத் தழும்பு இருக்கும். வெயிலில் அரை மணி நேரம் விரித்துப் போட்டுப் பிறகு சுருட்டி வைத்தால் பெருமளவு போய்விடும். இஸ்திரிப் பெட்டியைப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள், பி.வி.சி. சுருங்கிவிடும். திரும்ப வைக்கும்போது மடிக்காமல் சுருட்டியே வையுங்கள்.

அளவைப் பற்றி விற்பனைப் பக்கங்கள் சொல்லாத ஒன்று உண்டு. 40 சென்டிமீட்டர் பெட்டியில் 40 சென்டிமீட்டர் பொருள் வைக்க முடியாது. பக்கச் சுவர் படத்தில் விழக் கூடாது, திரையின் வளைவுக்கு இடம் வேண்டும், பொருளுக்குப் பின்னால் கொஞ்சம் காலி இடம் வேண்டும். இதெல்லாம் போக மிஞ்சுவது 20 சென்டிமீட்டர் சாமானுக்கான இடம். டபரா டம்ளர், கரண்டி, முறுக்கு அச்சு, ஒரு லிட்டர் சொம்பு வரை தாராளம். 28, 30 சென்டிமீட்டர் தோசைக்கல், இட்லிக் கொப்பரை, பெரிய அஞ்சறைப்பெட்டி என்றால் 60 அல்லது 80 சென்டிமீட்டர் பெட்டிதான் வாங்க வேண்டும். விலை கூடும், ஆனாலும் பாத்திரக் கடை நடத்துகிறவர்கள் சின்னதை வாங்கிவிட்டு மறு மாதமே பெரியதைத் தேடுவதைவிட அது மேல்.

வெளிச்சத்துக்கு வருவோம். பட்டைகள் பகல் வெளிச்ச நிறத்தில், 5500 கெல்வினை ஒட்டி எரிவதாக எழுதியிருப்பார்கள். கெல்வின் என்பது வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அலகு; எண் குறைந்தால் மஞ்சள், கூடினால் நீலம். படம் நீலம் பாய்ந்தோ மஞ்சள் பாய்ந்தோ வந்தால் பெரும்பாலும் பெட்டியின் குற்றமாக இருக்காது. அறையின் டியூப்லைட் 6500 கெல்வினில் எரிந்துகொண்டிருக்கும், அல்லது மூலையில் ஒரு மஞ்சள் பல்பு 2700 கெல்வினில் எரியும். அவற்றை அணைத்துவிட்டு, பெட்டி வெளிச்சத்தில் மட்டும் எடுங்கள். அடுத்து, சி.ஆர்.ஐ. என்ற எண். விளக்கு நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கு நூற்றுக்குப் போடும் மதிப்பெண் அது. 95க்கு மேல் என்று போட்டிருந்தால் நம்பி வாங்கலாம். 80 என்றால் யோசியுங்கள். அந்த எண், வெளிர் நிறங்கள் எட்டின் சராசரி. அடர் சிவப்பு அந்தக் கணக்கில் சேராது. எண் பார்க்க நன்றாக இருந்தும் மிளகாய்த்தூள் செங்கல் பொடி போலத் தெரிவது இதனால்தான். கடைக்காரரிடம் அடர் சிவப்புக்கான ஆர்9 மதிப்பு எவ்வளவு என்று தனியாகக் கேளுங்கள்.

வெளிச்சத்தைக் குறைக்கும் பொத்தானைத் தொடாமல் இருப்பது நல்லது. மலிவான பெட்டிகள் வெளிச்சத்தைக் குறைப்பது விளக்கை மிக வேகமாக அணைத்து அணைத்து ஏற்றுவதன் மூலம். கண்ணுக்குத் தெரியாத அந்தத் துடிப்பு, படத்தில் கிடைமட்டக் கறுப்புப் பட்டைகளாக விழும். முழு வெளிச்சத்தில் வைத்துவிட்டு, அதிகமாகத் தெரிந்தால் ஷட்டர் வேகத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். அறை விளக்கையும் சேர்த்துப் பயன்படுத்த நேர்ந்தால் 1/50 அல்லது 1/100 விநாடியில் நிறுத்துங்கள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விளக்கு விநாடிக்கு 100 முறை துடிக்கும். இந்த இரண்டு வேகங்களும் அந்தத் துடிப்போடு ஒத்துப்போகும்.

தனி கேமரா என்றால் ஐ.எஸ்.ஓ. (வெளிச்ச உணர்திறன்) 100, லென்ஸின் துளை எஃப் 8 முதல் எஃப் 11 வரை; எஃப் எண் ஏற ஏறத் துளை சிறுக்கும். 40 சென்டிமீட்டர் பெட்டியின் வெளிச்சத்தில் எஃப் 8க்கு ஷட்டர் 1/25 விநாடியை ஒட்டி வரும். கையில் பிடித்து எடுக்கும் வேகமில்லை. முக்காலியும் 2 விநாடி டைமரும் கட்டாயம். எஃப் 16ஐத் தாண்டிச் சிறிதாக்கினால் எல்லாம் கூர்மையாகும் என்று நினைக்கிறவர்கள் உண்டு. நடப்பது நேர்மாறு, படம் முழுக்க லேசாக மழுங்கும். போனில் எடுப்பவர்கள் செய்யும் பெரிய தவறு கிட்டப் போவது. போனின் முதன்மை லென்ஸ் 24, 26 மில்லிமீட்டர் அளவுக்கு அகலப் பார்வை கொண்டது. அதை டம்ளருக்கு ஒரு சாண் தள்ளிப் பிடித்தால் முன் விளிம்பு ஊதிப்போய், அடி சிறுத்து, டம்ளர் புனல் போல ஆகிவிடும். போதாததற்கு, மிக அருகில் போனதும் பல போன்கள் தாமாகவே மேக்ரோவுக்கு, அதாவது இன்னும் அகலமான லென்ஸுக்கு மாறிக்கொள்ளும். மேக்ரோவை அணையுங்கள், 2 மடங்கு ஜூமுக்குப் போங்கள், 60, 70 சென்டிமீட்டர் பின்னால் வாருங்கள்.

எவர்சில்வர் கேட்கும் வேலை

எவர்சில்வர் டம்ளருக்குச் சொந்த நிறம் என்று ஒன்று கிடையாது. சுற்றி இருப்பதைக் காட்டும் வளைந்த கண்ணாடி அது. பெட்டிக்குள் வைத்தால் சுற்றிலும் வெள்ளை. ஆகவே டம்ளரும் வெள்ளை. ஓரங்கள்தான் முதலில் காணாமல் போகும், ஏனென்றால் உருளையின் விளிம்புப் பகுதி தனக்குப் பின்னால் இருக்கும் வெள்ளைத் திரையைத்தான் பிரதிபலிக்கிறது. வெள்ளைமேல் வெள்ளை. டம்ளரின் நடுப்பகுதி நேரே கேமராவைப் பார்க்கிறது. அங்கே பெட்டியின் திறந்த வாய் ஒரு கறுப்புச் சதுரமாகவும், அதன் நடுவே போனும் விரல்களும் தெரியும். மேல் விளிம்பின் உருட்டுப் பகுதியில் எல்.இ.டி. முத்துகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக, பாசி மணி கோத்தது போல வரிசை கட்டும். பெட்டி வாங்கியவர்கள் எடுக்கும் முதல் டம்ளர் படத்தில் இந்த மூன்றும் இருக்கும்.

மூன்றுக்கும் வழி உண்டு. முதலில் பெட்டியின் முன் திரையை இறக்கி மூடுங்கள். அதில் லென்ஸுக்கென்று ஒரு துளையோ கிழிசல் போன்ற திறப்போ இருக்கும். அது வழியே எடுங்கள். கறுப்புச் சதுரம் போய், லென்ஸ் அளவுக்கு ஒரு புள்ளி மட்டும் மிஞ்சும். பின்னால் தள்ளிப் போகப் போக அந்தப் புள்ளியும் சிறுக்கும். அடுத்து, எல்.இ.டி. பட்டைகளுக்குக் கீழே ஒரு பரவல் தாள். பெட்டியோடு தரும் வெள்ளைத் தாள் மெல்லியது, முத்துகள் தெரிந்துகொண்டே இருக்கும். அதற்குப் பதில் டிரேசிங் பேப்பரை விளக்கிலிருந்து ஐந்து சென்டிமீட்டராவது கீழே இறக்கிக் கட்டுங்கள். விளக்கோடு ஒட்டினால் பயனில்லை. வெளிச்சம் பரவ இடைவெளி வேண்டும்.

மூன்றாவதாக வரும் கறுப்பு அட்டைதான் படத்தையே மாற்றுகிறது. ஸ்டேஷனரிக் கடையில் கிடைக்கும் கறுப்பு சார்ட் அட்டையில் இரண்டு அங்குல அகலத்தில், டம்ளரைவிட உயரமாக இரண்டு துண்டுகள் வெட்டுங்கள். டம்ளருக்கு இரு புறமும், அதற்குச் சற்றுப் பின்னால், படச் சட்டத்துக்கு மயிரிழை வெளியே நிறுத்துங்கள். கேமராவில் பார்த்துக்கொண்டே அட்டையை மெல்ல உள்ளே நகர்த்தினால், டம்ளரின் ஓரத்தில் ஒரு கறுப்புக் கோடு பென்சிலால் வரைந்தது போல எழும்பும். அட்டையை முன்னுக்கு இழுத்தால் கோடு டம்ளரின் உடம்புக்குள் நகரும். பின்னுக்குத் தள்ளினால் ஓரத்துக்குப் போகும். இரண்டு பக்கமும் ஒரே அளவாக வைக்க வேண்டியதில்லை. ஒரு பக்கம் தடித்தும் மறு பக்கம் மெலிந்தும் இருந்தால்தான் டம்ளர் உருண்டையாகத் தெரியும். அட்டை வைப்பதற்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், முதலாவது பிளாஸ்டிக் டம்ளர் போலவும் இரண்டாவது எவர்சில்வர் போலவும் இருக்கும்.

டபராவுக்குள் டம்ளர் நிற்கும்போது இன்னொரு சிக்கல். டபராவின் உட்சுவர் டம்ளரைக் காட்டும், டம்ளர் டபராவைக் காட்டும், கோடுகள் சிக்கிக்கொள்ளும். டம்ளரை டபராவின் நடுவிலிருந்து ஒரு விரற்கடை பின்னால் தள்ளி வைத்தால், முன்பக்கம் டபராவின் உட்தரை கொஞ்சம் தெரிந்து இரண்டும் பிரிந்து நிற்கும். கேமராவின் உயரம் டம்ளர் விளிம்புக்குச் சற்று மேலே, 10 முதல் 15 பாகைச் சாய்வு. அதற்கு மேல் உயர்த்தினால், ஏற்கனவே அடி குறுகிய டம்ளர் இன்னும் குறுகி, கவிழ்ந்துவிடும் போலத் தோன்றும்.

போலரைசிங் ஃபில்டர் போட்டால் பிரதிபலிப்பு போய்விடும் என்று சிலர் அதற்குச் செலவழிக்கிறார்கள். கண்ணாடியிலும் மெருகிட்ட பீங்கானிலும் அது ஓரளவு வேலை செய்யும். வெறும் உலோகப் பரப்பில் இந்தத் தந்திரம் செல்லாது. முகப்பவுடர் பூசி மங்கலாக்குவதும் வேண்டாம்; எவர்சில்வர் அலுமினியம் ஆகிவிடும்.

துடைப்பது தனி வேலை. உப்புத் தண்ணீர் ஊர்களில் கழுவிக் காயவைத்த பாத்திரத்தில் வெள்ளைத் திட்டுகள் நிற்கும். வினிகர் தொட்ட துணியால் ஒருமுறை, நல்ல தண்ணீரில் ஒருமுறை, பிறகு மைக்ரோஃபைபர் துணியால் காயத் துடைத்து, அதே துணியால் பிடித்தே பெட்டிக்குள் வைக்க வேண்டும். வெறுங்கை பட்ட இடம் கண்ணுக்குத் தெரியாது. இந்த வெளிச்சத்தில் ரேகை ரேகையாகத் தெரியும். பித்தளையைப் புளி போட்டுத் தேய்த்தால், உடனே துடைத்து, அன்றைக்கே எடுத்துவிடுங்கள். ஈரம் நின்ற இடமெல்லாம் சிவப்பும் பழுப்புமாகப் புள்ளி போடும்.

மற்றவை

ஈயச்சொம்புக்கு இந்தப் பெட்டி அளவெடுத்துச் செய்தது போலப் பொருந்துகிறது. வெள்ளீயத்தின் அந்த மங்கலான பால் மினுமினுப்பு சுற்று வெளிச்சத்தில் தானாகவே வருகிறது. கையால் அடித்த பள்ளங்களும் தெரிய வேண்டுமென்றால், ஒரு எல்.இ.டி. பட்டையை அட்டையால் மறைத்தால் போதும். ஊறுகாய் ஜாடி, மண்சட்டி, கல்சட்டி, மரக்கரண்டி எல்லாம் சிரமமில்லாமல் வருகின்றன. கண்ணாடி பாட்டிலுக்கு எவர்சில்வர் பாடமே பொருந்தும்: பின்னால் வெள்ளை, இரு ஓரமும் கறுப்பு அட்டை. பித்தளைச் சொம்பின் உருண்டை வயிறு கேமராவை மறைக்கவே விடாது. அதில் லென்ஸ் புள்ளியை ஏற்றுக்கொண்டு, பிறகு போனிலேயே அழித்துக்கொள்ள வேண்டியதுதான்.

தோசைக்கல் வேறு கதை. கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் எதைப் பார்த்தாலும் அதை நடுச் சாம்பல் என்று கணக்கிட்டுக்கொள்கிறது. கறுப்பு இரும்பைப் பார்த்தால் வெளிச்சம் போதவில்லை என்று நினைத்து ஏற்றிவிடும். பழகிய கல் சாம்பல் பூத்தது போல ஆகும். வெளிச்ச ஈட்டை (எக்ஸ்போஷர் காம்பன்சேஷன், +/- என்று குறித்திருக்கும்) 1 குறைத்து எடுங்கள். வெள்ளைப் பீங்கான் தட்டுக்கு இதன் மறுபக்கம்: 1 முதல் 1.7 வரை கூட்ட வேண்டும், இல்லாவிட்டால் தட்டு அழுக்காகத் தெரியும். கல்லுக்கு வெள்ளைத் திரையும் வேண்டாம். சாம்பல் நிறத் திரை போடுங்கள். எண்ணெய் ஏறிப் பழகிய கல்லின் பளபளப்பு தெரிய, வெளிச்சம் பின்னாலிருந்து தாழ்வாக வர வேண்டும். இந்த வகைப் பெட்டியில் விளக்கு உச்சியில் மட்டும் இருப்பதால் கல்லின் நடுவே ஒரு வெள்ளைப் பட்டை விழுகிறது, கல்லின் மேற்பரப்பு தெரிவதில்லை.

மஞ்சள்தூளில் வேறு விதமாக ஏமாற்றம் வரும். சட்டம் நிறைய மஞ்சள் இருந்தால், தானியங்கி நிறச் சமநிலை (ஒயிட் பேலன்ஸ்) அதை வெளிச்சத்தின் கோளாறு என்று எண்ணி நீலத்தைச் சேர்க்கும். தூள் வெளிறி, கிண்ணம் நீலம் பாயும். வெள்ளைத் தாளைப் பெட்டிக்குள் வைத்து அதற்கு நிறச் சமநிலையைப் பூட்டிவிட்டு, பிறகு தூளை வையுங்கள். வெளிச்ச ஈட்டையும் 0.7 குறையுங்கள், இல்லாவிட்டால் மஞ்சளும் சிவப்பும் சீக்கிரம் நிரம்பி வழிந்து, பொடியின் மணல்தன்மை அழிந்து ஒரே பூச்சாகிவிடும்.

நிழல் போனால் போவது என்ன

இந்தப் பெட்டியின் பெருமையாகச் சொல்லப்படுவது நிழலில்லாத படம். இணையக் கடைக்கு அது தேவைதான். அமேசான் போன்ற தளம் முதல் படத்துக்குச் சுத்த வெள்ளைப் பின்னணி கேட்கிறது, 255, 255, 255 என்ற எண்ணில். பொருள் சட்டத்தில் 85 விழுக்காடு நிறைந்திருக்க வேண்டும். பெரிதாக்கிப் பார்க்கும் வசதிக்கு நீளப் பக்கம் 1000 பிக்ஸலுக்குக் குறையக் கூடாது. பெட்டியில் எடுத்த படம் சுத்த வெள்ளைக்கு ஒரு படி குறைவாகவே வரும். பின்னணியை மட்டும் பிறகு ஏற்ற வேண்டியிருக்கும்.

ஆனால் விற்பனைக்கு இல்லாமல், ஒரு கரண்டியின் அழகுக்காக எடுக்கும்போது நிழலைத் துரத்துவது பெரிய இழப்பு. புகைப்படக் கலைஞர் ஆந்த்ரே கெர்தேஸ் 1928இல் பாரிஸில் எடுத்த முள்கரண்டிப் படத்தில் இருப்பது ஒரு தட்டு, அதன் விளிம்பில் சாய்ந்த ஒரு முள்கரண்டி, அவற்றின் நிழல். அவ்வளவுதான். நிழலை எடுத்துவிட்டால் அந்தப் படத்தில் மிஞ்சுவது கடைப் பட்டியல். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் எட்வர்ட் வெஸ்டன் 1930இல் கலிஃபோர்னியாவில் எடுத்த குடைமிளகாய், தகரப் புனலுக்குள் வைத்து எடுத்தது. ஒருவகையில் அதுவும் லைட்பாக்ஸ்தான்: புனலின் உட்சுவர் வெளிச்சத்தை வாங்கி மிளகாயின் வளைவுகள்மேல் திருப்பிவிட்டது. புனலின் ஒரு பக்கம் திறந்திருந்தது, வெளிச்சத்துக்கு ஒரு திசை இருந்தது. நம் பெட்டியில் மேல், பக்கம், கீழ் எல்லாம் வெள்ளி பூசி எல்லாத் திசையிலிருந்தும் வெளிச்சம் வருகிறது. ஒரு பக்கச் சுவரில் கறுப்புத் திரையைத் தொங்கவிட்டுப் பாருங்கள். திசை திரும்பி வரும்.

கருத்துக் கேட்பது எப்படி

பெட்டியால் தர முடியாத ஒன்று, படத்தில் என்ன தப்பு என்பது. மணிக்கணக்காக அந்த டம்ளரையே பார்த்த கண்ணுக்கு அது தெரியாது. பிறரிடம் காட்டத்தான் வேண்டும், காட்டும் விதத்தில்தான் பயன் இருக்கிறது. பத்துப் படம் அனுப்பி எப்படி இருக்கிறது என்று கேட்டால், சூப்பர் என்ற ஒற்றைச் சொல் வரும். ஒரே ஒரு படம், விளக்கம் எதுவும் சொல்லாமல். கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. பார்த்ததும் கண் எங்கே போனது? இது எதால் செய்தது? இது எவ்வளவு பெரியது?

கண் டம்ளரின் விளிம்புக்குப் போகாமல் பின்மூலைக்குப் போனது என்றால், அங்கே டம்ளரைவிட வெளிச்சமான இடம் இருக்கிறது. பிளாஸ்டிக்கா என்று கேட்டால் கறுப்பு அட்டை போதவில்லை. அலுமினியமா என்றால் வெளிச்சம் அளவுக்கு மேல் பரவியிருக்கிறது, ஒரு பளிச்சென்ற கோடு வேண்டும். அண்டா என்று நினைத்தேன் என்றால், அளவு காட்ட எதுவுமில்லை. நாலு காப்பிக்கொட்டையோ ஒரு கரண்டியோ பக்கத்தில் சேருங்கள்.

யாரிடம் கேட்பது என்பதும் முக்கியம். படக்கலை தெரிந்தவர், மேசைக்கோடு சாய்ந்திருப்பதையும் பளிச்சிடல் வெளுத்துப்போனதையும் சொல்வார். தினமும் சமைக்கிறவர் சொல்வது வேறு: மூடி சரியாக உட்காரவில்லை, முறுக்கு அச்சில் வில்லையைத் தலைகீழாகப் போட்டிருக்கிறது, காப்பி நுரை அடங்கிப்போயிருக்கிறது, இந்த ஜல்லிக்கரண்டியை யாரும் இப்படிப் பிடிக்க மாட்டார்கள். பாத்திரம் விற்கிறவர் கனத்தைக் கேட்பார், ஏனென்றால் தகட்டின் தடிமன் படத்தில் தெரிவது விளிம்பில் மட்டும்தான். இந்த மூன்று பேரில் சமைக்கிறவருடைய குறையை முதலில் திருத்துங்கள். வெளிச்சம் எவ்வளவு சரியாக இருந்தாலும், தலைகீழ் வில்லை போட்ட அச்சின் படம் தப்பான படம்தான்.

இருட்டாக இருக்கிறது என்ற கருத்தை மட்டும் உடனே நம்பாதீர்கள். பார்த்தவர் போனின் வெளிச்சத்தைக் குறைத்து வைத்திருக்கலாம், வெயிலில் நின்றிருக்கலாம். படத்தில் இருட்டு எவ்வளவு, வெளிச்சம் எவ்வளவு என்று இடமிருந்து வலமாகக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தைப் பாருங்கள்; மலை இடது பக்கம் ஒட்டிக்கிடந்தால் கருத்து சரி. இரண்டு பேர் எதிரெதிராகச் சொல்வதும் நடக்கும்: ஒருவர் டம்ளரின் இடது ஓரம் கறுப்பு அதிகம் என்பார், மற்றவர் அங்கே வெளிச்சம் கூசுகிறது என்பார். இருவரும் கைகாட்டும் இடம் ஒன்றே. அந்த இடத்தில் ஏதோ சரியில்லை என்பது உறுதி, மருந்தை நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். இந்த எடுத்துக்காட்டில், கறுப்புக் கோட்டுக்கும் பளிச்சிடலுக்கும் நடுவே சாம்பல் படிநிலை இல்லாமல் வெட்டுப்பட்டதுபோல இருப்பதுதான் கோளாறு. அட்டையின் உள்விளிம்பைச் சற்று வளைத்தால் கோடு மெதுவாகக் கரையும்.

திருத்தும்போது ஒரு முறைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். அட்டையையும் கேமரா உயரத்தையும் திரையையும் ஒருசேர மாற்றினால், படம் நன்றாக வந்தாலும் எதனால் என்று தெரியாது. தரையில் டம்ளர் நின்ற இடத்துக்கும், முக்காலியின் கால்களுக்கும் ஒட்டுநாடா துண்டு ஒட்டி வைத்தால், மறுநாளும் அதே இடத்திலிருந்து தொடங்கலாம். பழைய படத்தையும் புதிய படத்தையும் அதே ஆளிடம் காட்டி, எது புதியது என்று சொல்லாமல் கேளுங்கள்.

வாங்கலாமா?

பகலில் எடுக்க வாய்ப்புள்ளவர்கள், வாங்குவதற்கு முன் ஜன்னலோரம் ஒரு வாரம் முயன்று பாருங்கள். நேர் வெயில் விழாத ஜன்னல், வடக்குப் பார்த்ததாக இருந்தால் உத்தமம். அதில் பழைய வெள்ளை வேட்டியை ஒற்றை மடிப்பாகக் கட்டுங்கள். மேசையில் சார்ட் அட்டையை வளைத்துப் பின்னால் சுவரில் ஒட்டுங்கள். ஜன்னலுக்கு எதிர்ப் பக்கம் ஒரு தெர்மோகோல் பலகை. பொருளுக்கு அருகே கொண்டுவந்தால் நிழல் வெளுக்கும், தள்ளினால் கறுக்கும். கறுப்பு அட்டைகள் இங்கும் அதே வேலையைச் செய்யும். இருநூறு ரூபாய்க்குள் முடியும் இந்த ஏற்பாட்டில் எவர்சில்வரும் தோசைக்கல்லும் பெட்டியில் வருவதைவிட நன்றாக வருகின்றன. ஒரே குறை, மேகம் நகர்ந்தால் வெளிச்சம் மாறும்.

இரவில்தான் நேரம் கிடைக்கிறது, அல்லது ஐம்பது பொருள்களை ஒரே வெளிச்சத்தில் எடுத்துப் பட்டியல் போட வேண்டும் என்பவர்களுக்குப் பெட்டி தன் விலைக்கு உழைக்கும். வாங்கும்போது விளக்குப் பட்டைகளை இடம் மாற்ற முடிகிறதா என்று பாருங்கள். சிலவற்றில் தைத்தே இருக்கும். வெல்க்ரோவில் ஒட்டியிருப்பதை வாங்குங்கள். பட்டை பழுதானால் அதை மட்டும் மாற்றலாம் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், பாத்திரத்தில் வெட்டிய பெயர்.

நம் வீட்டுப் பழைய பாத்திரங்களின் கழுத்தில் புள்ளி புள்ளியாகப் பெயரும் தேதியும் வெட்டியிருக்கும். கல்யாணச் சீராக வந்ததென்றால் கொடுத்தவர் பெயர். பாத்திரத்தை ஆவணப்படுத்தும் யாரும் முதலில் எடுக்க விரும்புவது அதைத்தான், இந்தப் பெட்டி முதலில் அழிப்பதும் அதைத்தான். எல்லாத் திசையிலிருந்தும் வெளிச்சம் வந்தால் அந்தச் சின்னப் பள்ளங்களில் நிழலே விழாது. ஒரு பட்டையை அணைத்துவிடுங்கள். இன்னொன்றைக் கழற்றி, பாத்திரத்தின் பக்கவாட்டில், எழுத்து இருக்கும் பரப்பை உரசிக்கொண்டு வெளிச்சம் போகும்படி, ஏறக்குறைய 10 பாகைச் சாய்வில் பிடியுங்கள். எதிர்ச் சுவரில் கறுப்புத் திரை. ஒவ்வொரு புள்ளியின் ஒரு கரையில் வெளிச்சமும் மறு கரையில் நிழலும் ஏறும்போது, தேய்ந்து போனது என்று விட்டுவிட்ட எழுத்துகளும் படிக்கும்படி வந்துவிடுகின்றன.